பக்க வெளிச்சம்

‘வெளிச்சம் போட்டுக் காட்டுவது’ என்று ஒரு தொடர் நம்மிடையே சரளமாக வழங்குகிறது. ஊழலை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறோம். ஒரு பிரமுகரின் யோக்கியதையை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறோம். சமயம் வாய்த்தால் அடுத்த வீட்டுக்காரரின் குடும்ப விவகாரத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. வெளிச்சம் விழுந்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது நமது நம்பிக்கை. இருட்டைப் பொய்க்கும் வெளிச்சத்தை மெய்க்கும் என்றைக்கோ பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

அந்த வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் என்னைச் சேர்த்தது பெரிய தத்துவ நூல் எதுவும் இல்லை. வாத்தியங்களைப் புகைப்படம் எடுக்கிற தொழில்தான் சேர்த்தது.

தஞ்சாவூரில் எனக்குப் பழக்கமான ஓர் இளைஞர் அந்தத் தொழிலைச் செய்கிறார். முகூர்த்த நாட்களில் கலியாண வீடுகளுக்குப் போவார். மற்ற நாட்களில் வீணை, தம்பூரா, மிருதங்கம், நாகசுரம் என்று படம் எடுப்பார். செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் இன்று படம் தேவைப்படுகிறது. வாங்குகிறவர் கோயமுத்தூரிலோ கனடாவிலோ இருக்கிறார். வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்காமலே, படத்தைப் பார்த்து விலை பேசுகிறார். ஆகவே படம் என்ன சொல்கிறது என்பது வெறும் அழகு சம்பந்தப்பட்ட சங்கதியாக நின்றுவிடுவதில்லை. அதில் பணம் இருக்கிறது, நாணயமும் இருக்கிறது.

அந்த இளைஞர் காமிராவின் தலையில் பிளாஷ் விளக்கை மாட்டி நான் பார்த்ததில்லை. அதைத் தனியே கழற்றி, ஒரு கம்பத்தில் பொருத்தி, எங்கோ ஓரமாக நிறுத்திவிடுவார். காமிராவுக்கும் விளக்குக்கும் இடையே கம்பி கிடையாது. பொத்தானை அழுத்தினால் ரேடியோ அலை போய்ச் சொல்ல, விளக்கு அங்கே இருந்தபடியே மின்னுகிறது. “ஏன் இந்தச் சிரமம்? காமிராவிலேயே மாட்டிக்கொண்டால் என்ன?” என்று ஒரு நாள் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. விளக்கைக் காமிராவின் மேலே மாட்டி, எதிரே இருந்த வீணையை ஒரு படம் எடுத்துக் காட்டினார்.

வாசகர்களில் பலர் வீணையை நன்கு அறிந்திருப்பார்கள். இருந்தாலும் விவரம் வேண்டும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. சுமார் நான்கடி நீளம். ஒரு கோடியில் உருண்டையான குடம், மறு கோடியில் யாளி முகம், இரண்டுக்கும் நடுவே தண்டி. தண்டியின் மேல் கறுத்த மெழுகில் பதித்த 24 மெட்டுக்கள். வாசிப்பதற்கு நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று தந்திகள். இப்படி ஒரே பொருளில் மரம், வார்னிஷ், பித்தளை, எஃகு, மெழுகு என்று ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல தோல்கள் சேர்ந்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வேறு விதமாக வரவேற்கும்.

அவர் காட்டிய படத்தில் குடத்தின் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு பளீரென்று எரிந்தது. அது விளக்கின் பிரதிபிம்பம். மரத்தின் ரேகையைக் காணோம். குடம் உருண்டை என்பதே தெரியவில்லை; தட்டு மாதிரி இருந்தது. யாளியின் கண்ணும் பல்லும் செதுக்கிய தச்சரின் உழைப்பு முழுவதும், சுவரில் வரைந்த கோலம்போல் சப்பையாகிவிட்டது. தந்திகள் மறைந்தே போயின. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. ஆனால் வீணை இல்லை.

காரணம் எளிது. மேடு பள்ளத்தை நமக்குச் சொல்வது நிழல். காமிராவை ஒட்டியே விளக்கு இருந்தால், ஒவ்வொரு நிழலும் பொருளுக்கு நேர் பின்னால் விழுந்து, காமிராவின் பார்வையிலிருந்து ஒளிந்துகொள்கிறது. விளக்கு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் நிழல் ஒன்றுகூடத் தெரியாது. இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். நம்முடைய நெற்றியிலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவரைப் பார்த்தால், நம் வெளிச்சத்தால் அவர்மேல் விழுகிற நிழல் நம் கண்ணுக்கு மட்டும் அகப்படாது. பக்கத்தில் நிற்கிற மற்ற எல்லாருக்கும் அது தெரியும்.

மனிதர்களை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் செய்வது இதுதான். என் அனுபவம், என் படிப்பு, என் கோபம் என்ற விளக்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எதிரே இருப்பவரைப் பார்க்கிறோம். பளிச்சென்றுதான் தெரிகிறார். ஆனால் சப்பையாகத் தெரிகிறார். நடுவே பளபளக்கிற பொட்டு அவருடைய குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். அது நம் விளக்கின் பிரதிபிம்பம்.

நம் கோயில்களில் இதற்கு நேர் மாறான ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். கர்ப்பக்கிருகத்தின் இருட்டில் கருங்கல் விக்கிரகம். எண்ணெய்க் காப்பில் ஊறி இன்னும் கறுத்த கல். அர்ச்சகர் கர்ப்பூரத் தட்டை ஏந்தித் திருமுகத்தின் அருகே கொண்டுபோகிறார். பிறகு ஒரு பக்கமாக இறக்கி, சுற்றி, மறு பக்கமாக ஏற்றுகிறார். சுடர் நகர நகர மூக்கின் நிழல் நகர்கிறது. கன்னம் எழும்புகிறது, உதடு விரிகிறது. கணத்துக்குக் கணம் வேறு முகம். வெளியே நிற்கிற நாம் எட்டி எட்டிப் பார்க்கிறோம். அந்த வேளையில் விளக்கு நம்மிடம் இல்லை. நமக்கும் சந்நிதிக்கும் புறம்பே எங்கோ நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் தரிசனம் கிடைக்கிறது. பக்தி இல்லாதவரும் சிற்பத்தை நன்றாகப் பார்ப்பது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுக்கும் வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1887-ல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியை அடிப்படையாகக் கொண்ட ஒரு மின்னொளிப் பொடியைத் தயாரித்தார்கள். இரவிலும் படம் எடுக்கலாம் என்று ஆயிற்று. நியூயார்க் நகரத்தில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகை நிருபர் அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு ஏழைகளின் இருட்டுக் குடியிருப்புகளுக்குள் இரவில் புகுந்தார். ஒரு வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்துவார். அறை ஒரு கணம் பகலாகும். ஒரே அறையில் அடைந்து கிடந்தவர்கள் திடுக்கிட்டு விழித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தில் அகப்பட்டார்கள். 1890-ல் அவர் வெளியிட்ட புத்தகம் அந்த நகரத்தின் மனச்சாட்சியை உலுக்கியது. வீட்டு வசதிச் சட்டங்கள் திருந்த அது ஒரு காரணமாயிற்று. நன்மை விளைந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், “உன்மேல் வெளிச்சம் போடட்டுமா?” என்று அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கூசிய கண்கள் இன்றும் அந்தப் படங்களில் இருக்கின்றன. வெளிச்சம் போடுவது நல்ல காரியமாக இருக்கும்போதே அத்துமீறலாகவும் இருக்கலாம் என்பதற்கு அவை சாட்சி.

வாத்தியம் கூசாது; திடுக்கிட்டு எழாது. அதனாலேயே வெளிச்சத்தின் தர்மத்தை அதனிடம் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடிகிறது. விளக்கைக் காமிராவிலிருந்து கழற்றி எடுத்த பிறகு அந்த இளைஞர் செய்கிற காரியங்களை நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, தூரம். விளக்கைக் குடத்துக்கு இரண்டடியில் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். யாளி அதே திசையில் இன்னும் நான்கடி தள்ளி, விளக்கிலிருந்து ஆறடியில் இருக்கிறது. தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை, ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. குடம் பட்டப்பகலில் இருக்க, யாளி நடு இரவில் இருக்கும். விளக்கை எட்டடிக்குப் பின்னால் கொண்டுபோனால் யாளி பன்னிரண்டு அடியில் இருக்கும். அதற்கு ஏறக்குறையப் பாதி வெளிச்சம் கிடைத்துவிடும். இரண்டும் ஒரே படத்தில் சேர்ந்து வாழ முடியும். மிகவும் கிட்டத்தில் நின்று ஒருவரைப் பார்க்கிறவர்களுக்கு அவருடைய ஒரு முனைதான் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கூடவே வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் போவது இதனால்தானோ என்னவோ!

இரண்டாவது, உலோகம். பித்தளை மெட்டுக்கள் 24 சிறிய கண்ணாடிகள். கண்ணாடியின்மேல் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் அது தன்னைக் காட்டாது. எதிரே இருப்பதைத்தான் காட்டும். அறை இருட்டாக இருந்தால் மெட்டுக்கள் கரிக்கட்டையாகத் தெரிகின்றன. எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அந்த வேட்டியின்மேல் வெளிச்சத்தைப் போட்டால், மெட்டுக்கள் பொன் வரிசையாக எழுந்து நிற்கின்றன. வெளிச்சம் மெட்டுக்கு நேரே போகவே இல்லை. அதன் சுற்றத்துக்குப் போயிற்று. கறுத்த ஆச்சா மரத்து நாகசுரத்துக்கும் இதே வைத்தியம்தான். நரசிங்கம்பேட்டையில் கடைந்த அந்தக் குழலை நேரே ஒளி போட்டு எடுத்தால் இருட்டில் இருட்டாக மறையும். நீளமான வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் பிடித்தால், குழலின் நெடுகிலும் ஓடுகிற ஒரு வெள்ளிக் கோடு அதன் உருட்சியைச் சொல்லிவிடும். சில மனிதர்களும் அப்படித்தான். அவர்களை நேரே விசாரித்தால் ஒன்றும் தெரியாது. அவர்கள் எதிரே யார் நின்றார்கள், எதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள் என்று விசாரித்தால் தெரியும்.

மூன்றாவது, சாய்வு. இதில்தான் சிக்கல் இருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

தஞ்சை நகரத்தில் ஒரு வீட்டில் அறுபது வயது கடந்த ஓர் அம்மாள் இருக்கிறார். பல ஆண்டுகள் வீட்டிலேயே குழந்தைகளுக்கு வீணை சொல்லிக் கொடுத்தவர். விரல் மூட்டுகளில் வாதம் கண்டு வாசிப்பு நின்றுவிட்டது. வீட்டில் வேறு யாரும் வாசிப்பதில்லை. வாசிக்காத வீணை கெட்டுப்போகும், வாசிக்கிற கைக்குப் போகட்டும் என்று விற்க முடிவு செய்தார்கள். வெளியூரில் ஒரு பெண்ணுக்காக அவளுடைய பெற்றோர் கேட்டிருந்தார்கள். படம் எடுக்க நம் இளைஞர் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

வீணை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடமும் தண்டியும் சேருகிற இடத்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. வாசிப்புக்கு அதனால் இப்போது பாதகம் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அம்மாளின் மகன், “அந்த இடம் தெரியாத மாதிரி எடுத்துடுங்க தம்பி. படத்துக்கு அது நல்லாவா இருக்கும்?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் வைத்தியச் செலவு அவர் தலையில் இருந்தது.

இளைஞர் முதலில் ஒரு பெரிய வெள்ளைக் குடையை எதிரேயும் சற்று மேலேயும் நிறுத்தி, அதன் வழியாக வெளிச்சத்தை விட்டார். வெளிச்சம் பாலாக வந்து எல்லாவற்றையும் தழுவியது. வெடிப்பு மறைந்தது. மரம் நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்ததுபோல் மின்னியது. பிறகு குடையை நீக்கிவிட்டு, சிறிய விளக்கை வீணையின் மட்டத்துக்கு இறக்கி, மேற்பரப்பை உராய்ந்துகொண்டு போகிற மாதிரி பக்கத்திலிருந்து மின்ன விட்டார். கோடையில் ஏரி மண் பிளந்தாற்போல அந்த மயிரிழை வெடிப்பு படத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

என்னிடம் இரண்டையும் காட்டி அவர் சொன்னார்: “பாருங்க சார். முதல் படத்திலே வெடிப்பே இல்லை. இரண்டாவது படத்திலே வெடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.”

இரண்டும் அதே வீணை. இரண்டிலும் எதையும் அவர் அழிக்கவில்லை, எழுதிச் சேர்க்கவில்லை. கணினியில் திருத்தவும் இல்லை. விளக்கு நின்ற இடம் மட்டும் மாறியது. அப்படியானால் இவற்றில் எது உண்மை? ‘உள்ளதை உள்ளபடி’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த ‘உள்ளபடி’ எந்தப்படி?

உள்ளேயிருந்து அந்த அம்மாள் வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காமிராவின் சிறிய திரையில் இரண்டையும் வெகு நேரம் பார்த்தார். “ரெண்டையும் அனுப்பு தம்பி” என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “இல்லைடா. மறைச்சு வித்தா, நாளைக்கு அந்தப் பொண்ணு வீணையைப் பத்திப் பேச மாட்டா, என்னைப் பத்திப் பேசுவா” என்றார் அம்மாள்.

பிறகு அவரே இன்னொன்றைக் கேட்டார். “அந்தப் பக்க வெளிச்சத்தை மெட்டு மேலே போட முடியுமா?” இளைஞர் போட்டார். அதுவரை எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. சாரணித் தந்திக்குக் கீழே ஒவ்வொரு மெட்டிலும் ஒரு சிறு பள்ளம். அவற்றிலும் சில மெட்டுக்களில் மட்டும் பள்ளம் அதிகம். அம்மாள் அவற்றைச் சுட்டிக் காட்டி, “இதெல்லாம் மாயாமாளவகௌளை” என்றார். குழந்தைகள் முதன்முதல் சரளி வரிசை பழகுகிற ராகம் அது. வந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த மெட்டுக்களில்தான் கை வைத்தார்கள். பித்தளை அங்கே கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. விற்கிறவர் கணக்கில் அது தேய்மானம். மெட்டை ராவிச் சரிசெய்து, மெழுகு வைத்து மேளம் கட்ட வேண்டும், செலவு. அந்த அம்மாள் கணக்கில் அது என்ன என்பதை அவர் சொல்லவில்லை. “இதையும் சேர்த்து அனுப்பு” என்று மட்டும் சொன்னார்.

மூன்று படங்களும் போயின. கேட்ட விலையில் கொஞ்சம் குறைந்தது. வீணை அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

இதிலிருந்து, ‘எப்போதும் எல்லாக் குறையையும் பக்க வெளிச்சம் போட்டுக் காட்டிவிட வேண்டும்’ என்று ஒரு விதியை யாரும் செய்துவிடக் கூடாது. அதே இளைஞர் ஒரு முதிய நாகசுர வித்துவானைப் படம் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். வாத்தியத்துக்கு உராய்கிற வெளிச்சம் போட்டார். சீவாளியின் நார் தெரிந்தது. அணசின் விளிம்பில் இருந்த நசுங்கல்கூடத் தெரிந்தது. வித்துவானின் முகத்துக்கு வந்தபோது விளக்கை மாற்றிவிட்டார். குடையின் வழியே மெத்தென்ற வெளிச்சம். சுருக்கங்கள் மறையவில்லை, ஆனால் சாந்தமாக இருந்தன. “இது மட்டும் நியாயமா?” என்று கேட்டேன்.

“வாத்தியத்தை வாங்கப் போறவருக்கு அதோட உடம்பு தெரியணும் சார். இவரை யாரும் விலைக்கு வாங்கப் போறதில்லையே” என்றார் அவர்.

பெரிய நீதி சாஸ்திரம் இது என்று எனக்குப் பட்டது. ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதா, நிழலில் விடுவதா என்று முடிவு செய்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் காட்டாமல் விடுவதற்கு யார் விலை கொடுக்கப் போகிறார்கள்? வெடிப்பை மறைத்தால் முகம் தெரியாத ஒரு பெண் விலை கொடுப்பாள். அங்கே மறைப்பது வஞ்சனை. முதியவரின் சுருக்கத்தை மெத்தென்று காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே அது மரியாதை. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, ‘உண்மை, உண்மை’ என்று முழங்குகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அவர்களில் பலர் உண்மைக்காக விளக்கைத் தூக்குவதில்லை. எதிரே இருப்பவர் கண் கூச வேண்டும் என்பதற்காகத் தூக்குகிறார்கள்.

‘அப்படியானால், கலியாணத்துக்கு அனுப்புகிற பெண்ணின் படம்?’ என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கேயும் படத்தைப் பார்த்து யாரோ முடிவு செய்கிறார்களே என்பீர்கள். குழப்பம் விளக்கில் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணை வீணையைப்போலப் படத்தில் பரிசீலித்து விலை பேசுகிற வழக்கத்தில் இருக்கிறது. கேள்வியே கோணலாக இருக்கும்போது எந்தப் பக்கத்து வெளிச்சமும் நேரான பதிலைத் தராது.

கேள்விக்குத் தகுந்த வெளிச்சம் என்பது வாத்தியங்கள் விஷயத்தில் மிகவும் பொருந்தும். கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் என்ற சங்கீதப் பிரபு 1870-களில் இந்திய வாத்தியங்களைத் தொகுத்து ஐரோப்பிய அரசர்களுக்கும் காட்சிசாலைகளுக்கும் அனுப்பிவைத்தார். பெல்ஜியம் மன்னருக்கு அவர் அளித்த சுமார் நூறு வாத்தியங்கள், 1877-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கிய வாத்தியக் காட்சிசாலைக்கு ஆரம்ப முதலாக அமைந்தன. 2009 முதல் 2011 வரை ஐரோப்பியக் காட்சிசாலைகள் பல சேர்ந்து தங்கள் வாத்தியப் படங்களை ஒரே இடத்தில் தொகுத்தன. அத்தகைய படங்களில் நாடகமான நிழல்களுக்கு வேலை இல்லை. தூரதேசத்தில் இருக்கிற ஒரு தச்சர் அளவெடுத்து அதேபோல ஒன்று செய்ய வேண்டுமானால், இரண்டு பக்கமும் சமமாக, அடக்கமாக விழுகிற வெளிச்சம்தான் வேண்டும். அங்கே அதுவே நேர்மை. விற்பனைக்கு வந்த வீணைக்கு உராய்கிற வெளிச்சம் நேர்மை. கச்சேரி விளம்பரத்துக்கு இன்னொன்று. கேட்கிறவர் யார், அவர் எதைத் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர் என்று முதலில் தெளிந்தால், விளக்கை எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், வாத்தியத்தைப் படம் எடுப்பதில் ஒரு வேடிக்கை மிஞ்சி நிற்கிறது. வாத்தியத்தில் எது முக்கியமோ அது படத்தில் விழாது. பிளாஷ் விளக்கின் மின்னல் ஆயிரத்தில் ஒரு விநாடி, அதற்கும் குறைவு. விநாடிக்கு நூற்றைம்பது முறை அதிர்கிற தந்தியை அது அசையாமல் நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்ற பேராசிரியர் 1930-களில் மின்சாரப் பிளாஷை வளர்த்து, சிதறுகிற பால் துளியையும் பறக்கிற துப்பாக்கிக் குண்டையும் இப்படி நிறுத்திக் காட்டினார். அற்புதம்தான். ஆனால் நின்றுபோன தந்தியிடம் நாதம் ஏது? அதே தந்தியை, பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில், விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து எடுத்தால் கோடு கலைந்து, கதிர்போல் நடுவில் உப்பிய ஒரு மங்கல் விழுகிறது. தெளிவான படத்தில் தந்தி இருக்கிறது, அதிர்வு இல்லை. மங்கிய படத்தில் அதிர்வு இருக்கிறது, தந்தி இல்லை.

2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிடில் வித்துவான்கள் 21 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்ற புகழ்பெற்ற இத்தாலியக் கைகள் செய்த பழைய பிடில்கள் மூன்று, புதிதாகச் செய்தவை மூன்று. வாசிப்பவர்கள் எது எது என்று கண்டுபிடித்துவிடாதபடி, பற்றவைக்கும் தொழிலாளர்கள் அணிகிற கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று மோவாய்ப் பட்டையில் கொஞ்சம் வாசனைத் திரவியத்தையும் தடவினார்கள். கண்ணை மூடிக் காதால் மட்டும் கேட்டபோது, பெரும்பாலோரால் பழையதையும் புதியதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. 1700-களின் வார்னிஷும் அதன் தேன் நிறமும் விளக்கொளியில் கண்ணுக்குள் புகுந்தால், காது அதற்குச் சலாம் போடத் தொடங்கிவிடுகிறது. நாதத்தை அறிவதற்கு வெளிச்சத்தை முற்றிலும் எடுத்துவிட வேண்டியிருந்தது.

குடத்திலிட்ட விளக்கு என்று நாம் ஒளிந்த திறமையைச் சொல்வோம். வீணைக் குடத்துக்குள்ளும் ஏதோ ஒன்று ஏற்றப்பட்டுத்தான் இருக்கிறது. அதை வெளியிலிருந்து எந்த விளக்காலும் காட்ட முடியாது. ஒரு விரல் வந்து மீட்ட வேண்டும். மனிதர்களிடமும் அப்படி ஓர் இடம் உண்டு. பக்கத்திலிருந்து ஒளி போடுங்கள், தள்ளி நின்று போடுங்கள், சுற்றத்தின்மேல் போடுங்கள். எல்லாம் செய்த பிறகும், பார்த்து அறிய முடியாமல் பழகி மட்டுமே அறிய வேண்டியது கொஞ்சம் மிஞ்சும். அதை ஒப்புக்கொள்கிறவர் கையில்தான் விளக்கைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் காமிராவும் விளக்கும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். அடுத்த முறை வீட்டில் ஒரு பழைய தம்பூராவையோ, பித்தளைச் சொம்பையோ, தாத்தாவின் முகத்தையோ இரவில் படம் எடுக்க நேர்ந்தால், அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். வீட்டில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முன்னே வா, பின்னே போ, தாழ்த்திப் பிடி என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை நகர நகர, எத்தனையோ நாளாகப் பார்த்து அலுத்த பொருள் திரும்பித் திரும்பி முகம் காட்டும். எந்த முகத்தில் நிறுத்தச் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.